ஆறு மணி வியாழன்

எங்கள் தீவிலிருந்து அம்மாவைக் கப்பலேற்றி மெயின்லேண்டுக்கு அனுப்பி ஐந்து மாதம் ஆகியிருந்தது. நெஞ்சில் சளி என்று எங்களிடம் சொன்னார்கள். மதுரைப் பக்கம் ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதையும், அந்த மாதிரிப் போனவர்கள் திரும்பி வருவது கஷ்டம் என்பதையும், அக்கம்பக்கத்துப் பேச்சிலிருந்து நானே பொறுக்கிக்கொண்டேன். எனக்கு ஒன்பது வயது. அந்த வயதில் காது மட்டும் நன்றாக வேலை செய்யும். அப்பாவிடம் கேட்கப் பயம். படகுப் பட்டறையில் இன்ஜின் பிரிக்கிற அவருக்கு இயல்பிலேயே பேச்சு குறைவு. அம்மா போனபின் அதுவும் நின்றுபோயிருந்தது.

அப்போது டெலானிபூர் மேட்டில், சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் கட்டிவிட்டுப் போன பங்கரின் தலையில், மூன்று பேர் சேர்ந்து ஒரு தொலைநோக்கியை நட்டு வைத்திருந்தார்கள். ஊரில் அதற்குப் பெயர் துர்பீன். ஒரு வங்காளி வாத்தியார், ஒரு வயர்லெஸ் ஆபீஸ் மலையாளி, மரமில்லில் வேலை பார்த்த ஒரு தெலுங்குக்காரர். மூன்று பேருக்கும் இதில் காலணா வரும்படி கிடையாது. சனிக்கிழமை ஆறு மணிக்குக் குழாயின் மூடியைக் கழற்றுவார்கள். அந்த மூடி பால்பவுடர் டின்னுடையது. யார் வேண்டுமானாலும் வரிசையில் நின்று பார்க்கலாம்.

ஒரு சனிக்கிழமை அப்பா என்னையும் தம்பியையும் கூட்டிப்போனார். வியாழனைக் காட்டினார்கள். பக்கத்தில் ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள். அத்தனையும் அதனுடைய நிலாக்களாம். மெயின்லேண்டிலும் இது தெரியுமா என்று வாத்தியாரிடம் என் அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். நிலாக்கள் வெறும் கண்ணுக்குத் தெரியாது, வியாழன் நன்றாகவே தெரியும் என்றார். எனக்கு அது போதும்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். கப்பல் போய்ச் சேரத் தோதாக நான்கு சனிக்கிழமை தள்ளி ஒரு நாளைக் குறித்தேன். சரியாக ஆறு மணிக்கு, கிழக்கே பெரிதாகத் தெரிகிற நட்சத்திரத்தை நீ பார்க்க வேண்டும், நானும் பார்ப்பேன் என்று எழுதினேன். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அம்மா அன்றைக்குப் பார்த்துவிட்டால் பிழைத்து வந்துவிடுவாள், பார்க்காவிட்டால் வரமாட்டாள் என்று எனக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

குறித்த நாளில் ஐந்தரைக்கே அப்பாவோடு போய் வரிசையில் முதல் ஆளாக நின்றேன். ஆறு மணிக்கு நன்றாக இருட்டிவிட்டது. வாத்தியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். "சே பஜே?" என்று ஆறு மணியை அவர் இரண்டு தரம் கேட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னை ஸ்டூலில் ஏற்றிவிட்டார். குழாயில் கண்ணை வைத்தபடி நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பிக்குப் பல் விழுந்தது, அப்பா சோற்றைத் தீய விடுவது, எனக்குக் கணக்கில் நல்ல மார்க் கிடைத்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தபிறகுதான் இறங்கினேன்.

ஏழு மணிவாக்கில், கிளம்பலாம் என்று எழுந்தபோது வாத்தியார் மறுபடி கூப்பிட்டார். "பேட்டி, ஏக் பார் அவுர் தேகோ." இன்னொரு தரம் பார்க்க வேண்டுமாம். எனக்கு எரிச்சல். பேசி வைத்த நேரம் தாண்டி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. போதாததற்குப் பசி வேறு.

"ஏட்டி, மாஸ்டர்ஜி கூப்பிடுதாருல்லா. போயி பாத்துட்டு வா" என்றார் அப்பா.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய், கண்ணை வைத்து எடுத்தேன். இன்னும் கொஞ்சம் பார் என்று அவர் சொல்லச் சொல்ல, அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டை விட்டு இறங்கிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அம்மாவின் பதில் வந்தது. பார்த்தேன், பெரிதாக அழகாக இருந்தது என்று எழுதியிருந்தாள். மறு வருஷம் சற்றே சதை போட்டு, யார் கையையும் பிடிக்காமல் கப்பலிலிருந்து இறங்கினாள். டாக்டர்களுக்கு அதில் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது.

பத்தொன்பது வயதில் ஆசிரியர் பயிற்சிக்குப் பாளையங்கோட்டை போனேன். ஹாஸ்டலில் முதல் சாயங்காலம். மணி ஆறு, கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த என் முகத்தில் வெயில் அடித்தது. கடிகாரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் அவ்வளவு தூரம் கிழக்கே கிடக்கிற எங்கள் தீவில் சூரியன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகவே மறைந்துவிடும். அன்றைக்கு ஆறு மணிக்கு அம்மாவால் எதையும் பார்த்திருக்க முடியாது. பொய் சொல்லிவிட்டாயே என்று கேலியாக அவளுக்கு எழுதினேன். பதிலைப் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாள்.

"நான் ஏன் பொய் சொல்லுதேன்? நீ சொன்ன ஆறு மணிக்கு வெயிலாத்தான் இருந்துச்சு. நீ அங்க பாத்துக்கிட்டிருப்பியேன்னு நானும் ஆஸ்பத்திரி முத்தத்துல எந்திரிக்காம உக்காந்திருந்தேன். ஏழு மணிவாக்குல அது வந்துச்சு. பாத்துட்டுத்தான் உள்ள போனேன்."

கடிதத்தைப் படித்துவிட்டு, ஏழு மணிக்கு என்னை மறுபடி கூப்பிட்ட அந்த வங்காளி வாத்தியாரை நினைத்துக்கொண்டு அழுதேன். ஆறு மணிக்கு நான் கதை கதையாகச் சொன்னபோது அம்மா வெயிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் வியாழனைப் பார்த்தது, நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கண்ணை வைத்து எடுத்தேனே, அந்த நேரத்தில்தான்.