சாக்கு கேட்ட மருமகள்

ஓசூர்ப் பக்கத்துக் கன்னட வீட்டுப் பெண் நான். மாட்டுச் சந்தையில் என் அப்பாவும் மாமனாரும் பழகிய பழக்கம் சம்பந்தத்தில் முடிந்து, அறுபதுகளின் கடைசியில் பாப்பிரெட்டிப்பட்டிக்கு மருமகளாக வந்தேன். தமிழ் காதில் விழுந்தால் பாதி புரியும், பேச வராது.

முதல் நாள் மத்தியானம் மாமியார் தட்டில் களி உருண்டையை வைத்து, நடுவில் குழி பறித்துக் கொள்ளுக் குழம்பு ஊற்றினார். அவர் அடுத்த உருண்டையை எடுத்ததும் நான் கையைக் குறுக்கே நீட்டி, "சாக்கு" என்றேன். எங்கள் மொழியில் அதற்குப் போதும் என்று அர்த்தம். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உருண்டையையும் வைத்துவிட்டு உள்ளே போனார். கோணிச்சாக்கு ஒன்றை உதறிக் கொண்டுவந்து, என்னை எழுப்பி அதன்மேல் உட்கார வைத்தார். தரை சில்லிட்டதால் கேட்கிறேன் என்று நினைத்திருக்கிறார். கொழுந்தனாருக்குச் சிரிப்பில் புரையேறியது.

அந்த வாரத்திலேயே தெரு முழுக்க நான் 'சாக்கு' ஆகிவிட்டேன். சாக்கு வூட்டுல இருக்குதா என்று கேட்டுக்கொண்டுதான் பக்கத்து வீட்டுப் பெண்கள் வருவார்கள். கேலிதான், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் அப்பா வைத்த பெயர் அந்த ஊரில் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை என்பது கிணற்றடியில் தனியாக நிற்கும்போது அழுகையாக வந்தது. சாப்பிடும்போது வாயைத் திறப்பதையே விட்டுவிட்டேன். போட்டதையெல்லாம் வயிறு வலிக்கத் தின்றேன்.

ரவிக்கைத் துணி எடுக்கப் போன இடத்தில் மாமியார் இந்தக் கதையைத் துணிக்கடை பாயிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சரக்கெடுக்கப் பெங்களூர் போய்வருகிறவர் அவர், கன்னடம் தெரியும். சிரிக்கவில்லை.

"ஆத்தா, அந்தப் புள்ள சாக்கு கேக்கலீங்க. போதும்னு சொல்லியிருக்குது."

மாமியாரின் முகம் வாடிவிட்டது. துணியை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் வயிற்றைத் தொட்டு, "பசிக்கு உங்க பேச்சுல என்ன கண்ணு?" என்றார். ஹசிவு என்றேன். அவருக்கு 'ஹ' வரவில்லை. அன்று ராத்திரியிலிருந்து, "அசிவா?" என்று கேட்காமல் எனக்குச் சோறு போட்டதில்லை. தண்ணீருக்கு, உப்புக்கு, தூக்கத்துக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். நானும் பதிலுக்குத் தமிழில் தட்டுத்தடுமாறிப் பேசத் தொடங்கினேன். தெருவில் சாக்கு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் பழகிவிட்டது.

ஏழாம் மாதம் வளையல் போட்டு, பிரசவத்துக்கு அழைத்துப்போக அம்மா வந்தாள். அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவளும் மாமியாரும் அவரைக்காய் உரித்தபடி, சிரிப்பிலேயே ஒரு பொழுதை ஓட்டினார்கள்.

பஸ் ஏற்றிவிட வந்த மாமியார், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோல அம்மாவிடம் சொன்னார்: "நம்ம மகளன்ன பேக களிசி."

நம் மகளைச் சீக்கிரம் அனுப்பி வையுங்கள். துணிக்கடைக்குப் போய்க் கேட்டுப் படித்துவந்திருக்க வேண்டும். கன்னடத்தில் மருமகளுக்கு வேறு சொல் இருக்கிறது. பாய் மாற்றிச் சொல்லிக் கொடுத்தாரா, இவரே அப்படிக் கேட்டு வாங்கினாரா, தெரியாது. அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் நகரும்வரை விடவில்லை.