பஸ்ஸில் ஓடிய கேசட்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போன எங்கள் பஸ், ரோட்டில் வெட்டிப்போட்ட புளியமரத்தின் முன்னால் நின்றுவிட்டது. கிட்டாரும் பறையுமாக இயேசுவைப் பாடும் ஓர் இளம் பாடகரின் புது கேசட்மேல் எனக்கு அப்போது பைத்தியம். கையிலிருந்த டேப் ரெக்கார்டரில் போட்டேன். பக்கத்து சீட்டில், அம்மா மடியில் காய்ச்சலோடு கிடந்த சிறுமி கண்ணைத் திறந்தாள்.

"அண்ணா, இன்னொரு வாட்டி போடுண்ணா."

அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டேன். மரத்தை அகற்றி பஸ் கிளம்பியபோது அவள் கை துவண்டு தொங்கியது. பதறிப்போய் பாட்டை நிறுத்தப் போனேன்.

"நிறுத்தாதீங்க தம்பி, பாப்பா கேட்டுக்கினு இருக்குது" என்றாள் அந்த அம்மா.

கள்ளக்குறிச்சியில் அவர்களோடு இறங்கி, ஆஸ்பத்திரி வாசல்வரை ஓடவிட்டேன். குழந்தை வழியிலேயே போய்விட்டது என்றார்கள்.

அந்தக் கேசட் இன்னும் எனக்குப் பிடிக்கும். அந்தப் பாட்டு வந்தால் மட்டும், யார் கூப்பிட்டாலும் முடிகிறவரை எழுந்திருக்க மாட்டேன்.