வீட்டிற்குத் திரும்பவும்

திருச்சியில் ஏடிஎம்மில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டுவார். சிங்கப்பூரில் ரயிலே தமிழில் அறிவிக்கிறது. வந்த புதிதில் என்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்ப்பேன். இப்போது என் பிழைப்பே அந்தத் தமிழ்தான்: தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தில் செயலிகளுக்குப் பயன்பாட்டுக் குறிப்புகள் எழுதுகிறேன். "எழுத்தாளர் வேலையாமே, என்ன கதை எழுதுற?" என்பார் ஊரிலிருக்கும் சித்தப்பா. "எதை அமுக்கினா எது வரும்கிற கதை" என்பேன்.

போன மாதம், தொழிலாளர்கள் மருத்துவரிடம் முன்பதிவு செய்வதற்கான செயலி வெளியாகவிருந்தது. அதற்கு முன் நிஜ மனிதர் ஒருவரிடம் கொடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை நம்மூர்த் தொழிலாளர்கள் கூடும் தேக்காவில், கட்டுமான வேலை செய்யும் அறந்தாங்கி முருகேசன் என் கைப்பேசியைக் கையில் வாங்கினார். முதுகுவலி என்று நிரப்பி அனுப்பினார். அடுத்த திரையைப் பார்த்ததும் ஆள் வெலவெலத்துப் போனார்.

"மேடம், முதுகுவலின்னு சொன்னதுக்கு ஊருக்கு அனுப்புறாங்களா?"

திரையில் இருந்தது: 'கோரிக்கை முடிந்தது. வீட்டிற்குத் திரும்பவும்.'

ஐயோ! முதல் பக்கத்துக்குப் போகும் ஹோம் பொத்தானை மொழிபெயர்ப்பு மென்பொருள் வீடாக்கியிருந்தது. சரிபார்த்த யாருக்கும் அது உறுத்தவில்லை.

"சும்மா சோதனைதாண்ணே, யாருக்கும் போகல" என்றேன்.

"இங்க இருக்கிறது டார்மிட்டரி மேடம். வீடுன்னா ஊருதானே? இப்படி வரும்னா வலிய வெளியவே சொல்ல மாட்டேன்."

எத்தனை பேர் இப்படி வலியை விழுங்கிக்கொள்வார்களோ!

மறுநாள் அலுவலகத்தில் ஷாலினியிடம் சொன்னேன். தமிழ்த் திரைகளுக்கு அவள்தான் பொறுப்பு. இங்கேயே, குவீன்ஸ்டவுனில் பிறந்து வளர்ந்தவள்.

"ஹோம்னா வீடுதானே லா? வீட்டுக்குப் போன்னு சொன்னா நான் ஹேப்பியா போவேன்" என்று சிரித்தாள். முருகேசன் கேட்டதைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஐயோ, அப்படி நினைச்சே பாக்கல. ரிலீஸ தள்ளிப்போடச் சொல்றேன். கேன், முடியும், மாத்திடலாம்."

'முதல் பக்கம்' என்று மாற்றினோம். அடுத்து எழுத வருபவருக்காகச் சொற்பட்டியலில் ஒரு வரியும் சேர்த்தேன்: 'ஹோம் என்பதை வீடு என்று எழுத வேண்டாம், படிப்பவரின் வீடு வேறு நாட்டில் இருக்கலாம்.'

செயலி வெளியான வாரமே முருகேசனிடமிருந்து குரல்செய்தி வந்தது. "டாக்டர் பாத்துட்டாரு மேடம். மாத்திரையும் லீவும் குடுத்திருக்காரு. ஊருக்கெல்லாம் அனுப்பல!" ரயிலில் எல்லோரும் பார்க்கச் சிரித்தேன்.

நான் குடியிருக்கும் கிளமெண்டியில் இறங்கியபோது அம்மா அழைத்தாள்.

"வீட்டுக்குப் போயிட்டியா?"

"இதோ, வந்துட்டேம்மா."

"சரி, வீட்டுக்கு எப்போ வர்ற?"