உருண்டைச் சோறு

முட்டை போட்டிருக்கிறது என்று தெரிந்தால் பிறந்தநாள் கேக்கைக்கூட வாசலோடு திருப்பி அனுப்புகிற வீடு எங்களுடையது. அந்த வீட்டு மருமகளின் மூளையில் பன்றிப் புழு இருக்கிறது என்று விருதுநகரில் ஒரு டாக்டரம்மா சொன்னபோது, என் மாமியார் புழுவை விட்டுவிட்டு டாக்டரம்மாவைத்தான் முறைத்தார்.

எனக்கு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்க்கிற வேலை. அது காலண்டர் சீசன். அமாவாசை சரியான கட்டத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது வலது கை தானாக வெட்டி இழுக்கத் தொடங்கியது. அடக்கிப் பார்த்தேன், அடங்கவில்லை. அப்புறம் எதுவும் ஞாபகம் இல்லை. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். என் உள்ளங்கையில் மெஷின் ரூம் சாவிக்கொத்தைத் திணித்து யாரோ இறுக மூடியிருந்தார்கள். வலிப்பு வந்தால் இரும்புதான் எங்கள் பக்கத்தில் முதல் வைத்தியம். டாக்டர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஸ்கேன் படத்தில் ஒரு சின்ன வளையம் தெரிந்தது. நடுவே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் புழுவின் தலை என்றார் டாக்டரம்மா.

"நாங்க சைவம். பன்னிய ஏறெடுத்தும் பாக்க மாட்டோம்" என்றார் மாமியார்.

"சரியா வேகாத பன்னிக்கறி சாப்பிட்டவங்களுக்குப் புழு வயித்துலதாம்மா இருக்கும். அவங்க வெளிய போறப்ப அதோட முட்டையும் வெளிய வரும். கையச் சரியாக் கழுவலேன்னா விரல்ல ஒட்டிக்கிடும். அந்தக் கையால தொட்ட சோத்தச் சாப்பிடுறவங்களுக்குத்தான் இப்படித் தலைக்குப் போகும். அவங்க சைவமா அசைவமான்னு புழு கேக்காது." பச்சைக் காய்கறியிலும் வரலாம் என்றவர், எதற்கும் வீட்டில் புழங்குகிற எல்லோரும் மலப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

திரும்பும் வழியில் கார் சூலக்கரையைத் தாண்டுவதற்குள் மாமியார் தீர்ப்பு எழுதிவிட்டார். "நம்ம வீட்ல பன்னி திங்கிறவ அவ ஒருத்திதான்."

அவர் சொன்னது, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவை. அந்த அக்காவும் அவர் கணவரும் முன்பு பட்டாசுக் கம்பெனியில் மருந்து வேலை, அதாவது வெடிமருந்து கலக்குகிற வேலை, பார்த்தவர்கள். ஒரு தீயில் கணவரின் இரண்டு கைகளும் வெந்து விரல்கள் ஒட்டிக்கொண்டன. இனி மருந்து வாடையே வேண்டாம் என்றுதான் அக்கா எங்கள் கொல்லைக்கு வந்தார். எங்கள் வேலை போனால் அவருக்கு மறுபடியும் மருந்துதான். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"டெஸ்ட்டுக்குக் குடுத்துட்டு வீட்லயே இரு. ரிசல்ட்டு வந்ததும் சொல்லிவிடுதோம்" என்றார் மாமியார். அக்கா புறப்படும்போது என்னிடம் மட்டும் கேட்டார்: "நான் என்னைக்கு தாயி உங்க சோத்தத் தொட்டேன்?"

உண்மைதான். அவர் ஒருநாளும் கொல்லைப் படியைத் தாண்டியதில்லை. அவர் தேய்த்து வைத்த பாத்திரத்தைக்கூட மாமியார் இன்னொரு தரம் தண்ணீர் விட்டு அலசித்தான் உள்ளே எடுப்பார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு அருவருப்பாக இருக்கும் வழக்கம் அது. அன்று அதையே அக்காவுக்குச் சாட்சியாகச் சொல்லி வாதாடினேன். மாமியார் காதில் விழவில்லை. என் கணவர் குனிந்த தலை நிமிராமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் சோற்றைத் தொடுகிற கை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் என் கணவர் ஒரு பெரிய சட்டியில் தயிர்ச் சோறு பிசைவார். உருண்டை பிடித்து நடுவில் குழி செய்து மாங்காய்த் துண்டு வைத்து, ஆளுக்கொன்றாகக் கையில் கொடுப்பார். "எம் மகன் கைப்பக்குவம்" என்று மாமியார் பூரித்துப் போவார். சும்மா சொல்லக் கூடாது, புதுப்பெண்ணாக வந்த நான் அந்த மனிதரிடம் மயங்கியதே அந்த உருண்டையில்தான்.

பரிசோதனை முடிவு வந்தது. அக்காவுக்கு ஒன்றுமில்லை. மாமியாருக்கும் எனக்கும் வயிற்றில் ஒன்றுமில்லை. என் கணவருக்கு இருந்தது.

டாக்டரம்மா கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அவருடைய மிளகாய் வத்தல் மண்டியில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்து மூலம். பன்றிக்கறி சாப்பிட்டால் மூலம் போய்விடும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். இரண்டு வருஷமாக யாருக்கும் தெரியாமல் வைத்தியம் நடந்திருக்கிறது. "வெள்ளைப்பன்னிதான் டாக்டர்" என்றார், வெள்ளையாக இருந்தால் பாதிச் சைவம் என்பதுபோல. எனக்குச் சிரிப்பு பீறிட்டது. ரிப்பன் துண்டு போல வெள்ளையாக ஏதோ மலத்தில் விழுவதைப் பல மாதமாகப் பார்த்திருக்கிறார். கறி தின்றதைச் சொல்ல வேண்டி வருமே என்று மூடி மறைத்திருக்கிறார். அதைக் கேட்டதும் சிரிப்பு போய் அழுகை வந்துவிட்டது. அவர் கறி தின்றதில் எனக்குக் கோபமில்லை. அக்காவை நிறுத்தியபோது செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அதற்குத்தான்.

அவருக்கு ஒரே வேளை மாத்திரையோடு முடிந்தது. எனக்கு அப்படியில்லை. முதலில் கண்ணுக்குள் புழு இருக்கிறதா என்று பார்த்தார்கள். புழு சாகும்போது சுற்றிலும் வீங்குமாம், அதனால் வீக்கத்துக்கு முதலில் மாத்திரை, அப்புறம் புழுவுக்கு. வலிப்பு மாத்திரையை அவர்களாகச் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. தலைவலியில் ஜன்னலை அடைத்துக்கொண்டு பல நாள் கிடந்தேன். அக்காவுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டபோதெல்லாம், "சொல்லிவிட்டாச்சு, நீ தூங்கு" என்றார் மாமியார்.

எழுந்து நடக்க முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் கம்பெனி வேனில் வந்து இறங்கியிருந்தார். முழங்கை வரை அலுமினியத் தூள் வெள்ளியாய் மினுங்கியது. கட்டிலில் உட்கார்ந்திருந்த கணவருக்கு ஸ்பூனில் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். "பல்லுல இடிக்குது" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏங்க்கா ஸ்பூன்ல குடுக்கீங்க?"

"எனக்குப் புழு இருக்கா இல்லையான்னு தெரியலையே தாயி. டெஸ்ட்டுக்குக் குடுத்ததோட சரி, யாரும் ஒண்ணுஞ் சொல்லல. அன்னையிலேர்ந்து இவுகளுக்கு நான் கையால ஊட்டல. இவுக தலைக்கும் ஏறிட்டா நான் எங்கிட்டுப் போவேன்?"

"உங்களுக்கு ஒண்ணுமே இல்லக்கா. எங்க வீட்டுக்காரருக்குத்தான் இருந்துச்சு" என்றேன்.

அக்கா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, வாசல் கல்லில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தார். வெள்ளி கரைந்து ஓடியது, நகக்கண்ணில் இருந்தது மட்டும் போகவில்லை. அதைக் குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு இன்னொரு தரம் கழுவினார். உள்ளே வந்து சோற்றைப் பிசைந்து கணவரின் வாயருகே கொண்டுபோனார். அவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.

வேலைக்குத் திரும்ப வரச் சொன்னேன்.

"உங்க அத்தய வந்து கூப்பிடச் சொல்லுங்க தாயி, வாரேன்."

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். "அவ வீட்டுக்கு நான் போறதா?" என்றார் மாமியார். பேச்சு அதோடு நின்றது.

மாடியில் இப்போதும் உருண்டை பிடிக்கிறார் என் கணவர், கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு. மாமியார் கையை நீட்டி வாங்கிக்கொள்கிறார். மாமியார் அக்காவின் தெருவுக்குப் போய்க் கூப்பிட்டுவிட்டு வருகிற வரை நான் கையை நீட்டுவதாக இல்லை. அக்கா இன்னும் காலையில் மருந்து வேலைக்கு வேன் ஏறுகிறார்.