கண்ணை உயர்த்தினால் இறங்கணும்

அவளை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். டவுன் பஸ்ஸில் கண்டக்டர். தோளில் பை, வாயில் விசில், நாக்கில் நெருப்பு. படிக்கட்டில் தொங்கும் பையனிடம், "உள்ள வாங்க மாப்ள, பொண்ணு வீட்டுல வெத்தலை பாக்கோட நிக்கிறாங்க" என்பாள். பஸ்ஸே சிரிக்கும், அவன் காது சிவக்க உள்ளே வந்துவிடுவான்.

ஒரு பகல் ஓட்டத்தில், டிக்கெட் கிழித்துக் கொடுத்த கை அந்தரத்தில் நிற்க, அப்படியே சரிந்தாள். மூளையின் அடித்தண்டில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. உயிர் தப்பியது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை, பேச்சும் போய்விட்டது. மிஞ்சியவை கண்ணும் புத்தியும். புத்தியில் ஒரு குண்டுமணி அளவும் குறையவில்லை என்று டாக்டர் சொன்னார். அதைக் காதில் வாங்கியவர்கள் குறைவு.

கணவர் மருந்துக் கடை வைத்திருந்தார். கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு விவாகரத்து கேட்டார். "பாவம், ஆம்பள, எவ்வளவு நாள்தான் தாங்குவாரு?" என்றார்கள் சொந்தக்காரர்கள். விழுந்தது அவராக இருந்தால் இவளைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். விசில் தடுக்கவில்லை. போகணும்னா போகட்டும், பாப்பாவை மட்டும் கண்ணில் காட்டணும் என்பதுதான் ஆஸ்பத்திரியில் கொடுத்த எழுத்து அட்டையில் கண்ணால் காட்டி அவள் வைத்த ஒரே நிபந்தனை. ஏழு வயது மகள் அப்பாவோடு போனாள். விசில் அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

அங்கே இருந்தது அண்ணி. நாத்தனாரும் அண்ணியும் அதுவரை எலியும் பூனையும். அந்த எழுத்து அட்டையைத் தூக்கிக்கொண்டு முதல் வாரம் மல்லுக்கட்டிய அண்ணி, எட்டாம் நாள் அதைக் கட்டிலுக்கு அடியில் வீசினாள்.

"இத வெச்சு நீ ஒரு வாய் தண்ணி கேக்கறதுக்குள்ள கெணறே வத்திடும். உனக்குத் தெரிஞ்ச பாஷையில பேசுவோம்டீ. நான் கண்டக்டர், நீ பாசஞ்சர். எறங்கற எடம் வந்தா கண்ண மேல தூக்கு."

விசில் ஓடிய தடத்தின் நிறுத்தங்களை அண்ணி வரிசையாகக் கூவினாள். தண்ணித்தொட்டி என்றால் தாகம். ஆஸ்பத்திரி என்றால் வலி. போலீஸ் ஸ்டேஷன் என்றால் யாரையோ திட்டணும். பள்ளிக்கூடம் என்றால் பாப்பா விஷயம். எதைப் பற்றிய பேச்சு என்று நிறுத்தம் சொல்லிவிடும். மேற்கொண்டு வேண்டியதை எழுத்து எழுத்தாகக் கூட்டிக்கொள்ளலாம். க, ச, ட என்று அண்ணி சொல்லிக்கொண்டே போக, வேண்டிய இடத்தில் கண் மேலே போகும். முதல் நாளே விசில் போலீஸ் ஸ்டேஷனில் இறங்கினாள். கால் மணி நேரம் எழுத்துக் கூட்டி அவள் சொன்னது: உன் ரசத்தில் உப்பில்லை. அண்ணி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

சண்டை கோர்ட்டில்தான் வந்தது.

மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம், கோர்ட்டின் குழந்தைகள் அறையில், குடும்ப ஆலோசனை பார்க்கும் கவுன்சிலர் அம்மா முன்னிலையில் மகளைப் பார்க்கலாம் என்று உத்தரவு. அறை மாடியில். லிஃப்ட் கிடையாது. நாலு பேர் பீரோவைத் தூக்குவதுபோல் சக்கர நாற்காலியோடு அவளைத் தூக்கிப் போனார்கள். "பாத்து, செவுத்துல இடிக்கப் போகுது" என்றான் ஒருவன். இடிக்கப் போவது நாற்காலியா அவளா என்று விசிலுக்குப் புரியவில்லை.

வாசலில் கவுன்சிலர் அம்மா அண்ணியை மறித்தார்.

"அம்மாவும் பொண்ணும் மட்டும்தான். மூணாவது ஆளுக்கு அனுமதி இல்ல."

"நான் மூணாவது ஆளு இல்ல மேடம். அவ வாயி."

"ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான்மா."

எல்லாருக்கும் ஒண்ணுதான். வாய் இருக்கிறவர்கள் வாயோடு உள்ளே போனார்கள். விசிலின் வாயைக் கழற்றி வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு, அவள் பேசுகிறாளா என்று பார்க்க ஆள் போட்டார்கள்.

ஆனால் பாப்பா கெட்டிக்காரி. கைக்குழந்தையாக அம்மாவின் இடுப்பில் அந்தத் தடத்தில் போய் வந்தவள். கோர்ட் வராந்தாவில் அத்தை கூவுவதையும் கேட்டிருந்தாள். நாற்காலிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து நிறுத்தங்களை அவளே கூவினாள். எழுத்துக் கூட்டத்தான் அவளுக்கு இன்னும் வேகம் வரவில்லை. நிறுத்தத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கேள்வியாகக் கேட்டாள். பள்ளிக்கூடம். கண் மேலே போனது. "டீச்சர் நல்லவங்கதான். கணக்குதான் வரல." மறுபடி பள்ளிக்கூடம். "தோழியா? இருக்கா. சண்டை போட்டுட்டா." அப்படியே மூன்று மாதம் ஓடியது.

நாலாம் மாதம், சந்திப்பையே நிறுத்தச் சொல்லி மருந்துக் கடைக்காரர் மனுப் போட்டார்.

நீதிபதி கீழ்த்தளத்தில் தன் அறையிலேயே விசாரித்தார். "சார், எனக்கு யார் மேலயும் கோவமில்ல" என்று தொடங்கினார் மருந்துக் கடைக்காரர். "கொழந்த பயந்துபோறா. வீட்டுக்கு வந்து பஸ் ஸ்டாப் பேரையே பினாத்திட்டிருக்கா. தூக்கத்துலகூட."

கவுன்சிலர் அம்மா நிதானமாகச் சொன்னார்: "கொழந்த தானா பஸ் விளையாட்டு ஆடுறா சார். அம்மா கலந்துக்கல. மேல உத்திரத்தப் பாத்துட்டே இருக்காங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல தொடர்புன்னு எதுவும் எனக்குத் தெரியல."

விசிலின் கண்கள் அறையைச் சுற்றின. தொண்டைக்குள் பழைய கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு மூச்சுகூட வரவில்லை.

அண்ணிக்கு வந்தது. "விளையாட்டா? அதுதான்யா பேச்சு. மூணு மாசமா ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தத பக்கத்துல உக்காந்து பாத்துட்டு, பேசலன்னு சொல்றீங்களேம்மா."

"நீங்களா சொல்லிக்கிறீங்களோ என்னவோ" என்றார் மருந்துக் கடைக்காரர், தரையைப் பார்த்து.

நீதிபதி யோசித்தார். அண்ணியை வெளியே போகச் சொல்லிவிட்டு, நாற்காலியின் பக்கம் குனிந்து, சின்ன வயதில் பஸ்ஸில் தான் எதைத் தொலைத்தார் என்று மெல்லச் சொன்னார். அண்ணியைக் கூப்பிட்டு, அது என்னவென்று கேட்கச் சொன்னார்.

எந்தத் தாய்க்கும் வைக்காத பரீட்சை. குடித்துவிட்டு வந்து பிள்ளையைப் பார்க்கிற அப்பனுக்கும் இந்த ஊர் இதை வைத்ததில்லை. விசில் எழுத்துக் கூட்டினாள். கு. டை. நீதிபதி தலையாட்டி, போதும் என்று கையைக் காட்டினார். அண்ணி நிறுத்தப் போனாள். விசிலின் கண் இறங்கவில்லை.

"இன்னும் இருக்காம் சார்."

எழுத்து எழுத்தாக வந்ததை அண்ணி படித்தாள்: "போதுமா."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சந்திப்பு தொடரும், அண்ணி கூட இருக்கலாம், இடம் கீழ்த்தளத்தில் என்று உத்தரவானது. நேரம் பழையபடி, மாதத்துக்கு ஒரு மணி. "எல்லாருக்கும் அதான் குடுக்கறோம்" என்றார் அவர், ஏதோ சலுகை தருவதுபோல. மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் ஊர்க்கதை பேசலாம். விசிலுக்கு அதில் வரும் வாக்கியங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்.

அடுத்த மாதம் கீழ்த்தள அறையில் பாப்பா வாய் ஓயாமல் பேசினாள். புது செருப்பைக் காட்டினாள். தோழியோடு ராசியாகிவிட்டதைச் சொன்னாள். "அம்மா, நீ ஒரு வார்த்த சொல்லேன்" என்று கேட்டபோது நேரம் பாதி போயிருந்தது. பள்ளிக்கூட நிறுத்தத்தில் இறங்கி, விசில் எழுத்துக் கூட்டத் தொடங்கினாள். கண் கலங்கிக் கலங்கி இடம் தவறியது. அண்ணி திரும்பத் திரும்ப முதலிலிருந்து சொன்னாள். ந வந்தது. க வந்தது. அதற்குள் கவுன்சிலர் அம்மா எழுந்து நின்றார்.

"டைம் ஆச்சு."

"அவ முடிக்கல மேடம்."

"எனக்குப் புரியுது. ஆனா நான் என்ன பண்றது?"

வாசலில் அப்பா செருப்பைத் தேய்த்துக்கொண்டு நின்றார். "மீதிய அடுத்த மாசம் சொல்லும்மா" என்று கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டுப் பாப்பா ஓடினாள்.

வேனில் ஏற்றிப் பட்டை கட்டிய பிறகு அண்ணி கேட்டாள். "நகையா? நகையப் பத்தி அவகிட்ட என்ன பேச்சு உனக்கு?"

விசில் மூச்சு வாங்கிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். வேன் பாதி வழி போனபோது வாக்கியம் முடிந்தது.

நகத்தை ரத்தம் வரக் கடிச்சிருக்கா. அந்த வீட்டுல யாரும் பாக்கல.

அந்த அறையில் அண்ணியும்தான் இருந்தாள், கவுன்சிலர் அம்மாவும் இருந்தார். நல்ல கண்ணும் நல்ல கையும் உள்ள அத்தனை பேரும் பார்த்தது புதுச் செருப்பைத்தான்.

"அண்ணே, வண்டியத் திருப்புங்க" என்றாள் வேன்காரரிடம்.

"எங்கம்மா?"

"கோர்ட்டுக்கு. வக்கீல் இன்னும் கெளம்பியிருக்க மாட்டாரு. அவ அளவுக்குப் பேச நேரம் வேணும்னு இன்னிக்கே மனு எழுதச் சொல்றேன்." விசிலின் பக்கம் திரும்பினாள். "வாரம் ஒரு தடவ, அரை நாள். சரியா? கம்மியா கேட்டா அதையும் பாதியா கொறைப்பாங்க."

விசிலின் கண்கள் மேலே போயின.