மிச்சம் அடுத்த வருஷம்

பேசுகிறவர் நன்றாகப் பேசினால் "என்னமாய்ப் பேசினார்!" என்பார்கள், சொதப்பினால் "மைக் சரியில்லை" என்பார்கள், மைக் வேலை என்பது இவ்வளவுதான். மேடைக்குப் பக்கத்தில் ஒயர்களுக்கு நடுவே உட்கார்ந்து பிழைக்கிற என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் தாராவிக்காரி. சர்ச்சில் பாடகர் குழுவுக்கு மைக் வைத்துப் பழகி, அதுவே பிழைப்பாகிவிட்டது. வருஷா வருஷம் மாட்டுங்காவில் ஒரு மைதானத்தில் நடக்கும் கலை விழாவில் மரத்தடி மேடை என் பொறுப்பு. பாட்டு, ஆட்டமெல்லாம் பெரிய மேடையில். என் மேடையில் பேச்சு மட்டும்தான்: எழுத்தாளர்கள், கவிதை சொல்கிறவர்கள், சொந்தக் கதை சொல்கிறவர்கள். இந்த வருஷம் அங்கே நடந்ததை வீட்டில் சொன்னேன், உட்காரவைத்து ஜெபம் பண்ணிவிட்டார்கள். நீங்களாவது எந்த ஒயரில் கோளாறு என்று கேட்பீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.

காரணமில்லாத சிரிப்பு

பெரிய மேடையின் டிரம்ஸ் சத்தத்தில் பேச்சு அமுங்கிப்போகிறது என்று இந்த வருஷம் ஹெட்போன் ஏற்பாடு செய்தார்கள். பேசுகிறவர் மைக்கில் மெதுவாகப் பேசினால் போதும், கூட்டத்தில் ஒவ்வொருவர் காதிலும் போய் விழும். மாட்டிக்கொள்ளாதவருக்கு ஒன்றும் கேட்காது. வசதிதான். ஆனால் தள்ளி நின்று பார்த்தால் கதையே வேறு. மரத்தடியில் வரிசை வரிசையாக ஜனங்கள் ஆடாமல் அசையாமல் இருக்கிறார்கள். பலர் கண்ணை வேறு மூடியிருக்கிறார்கள். திடீரென்று எல்லோரும் ஒரே நொடியில் சிரிக்கிறார்கள். அடுத்த நொடி கப்சிப்.

கேட் பக்கம் டீ விற்கும் செல்வி அக்கா முதல் நாள் எனக்கு டீ கொடுக்க வந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் டீ கிளாஸோடு அப்படியே நின்றுவிட்டாள். கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள். பிறகு குனிந்து என் காதருகே மெல்லக் கேட்டாள்: "ஏட்டி ஜெபா, இதுக எல்லாம் உசுரோடதான இருக்கு?"

சோதனைக் குரல்

நம்மில் ஆளுக்கொரு சோதனைப் பாட்டு வைத்திருப்போம், கூட்டம் வருமுன் போட்டுப் பார்க்க. பேச்சு மேடைக்குப் பாட்டைப் போட்டுச் சோதிக்கிறவர்கள் மேல் எனக்கு மதிப்பு கிடையாது. பாட்டில் எல்லாக் குறையும் ஒளிந்துகொள்ளும், வெறும் மனிதக் குரலில் ஒளிய இடமில்லை. அதனால் நான் பேச்சைத்தான் போடுவேன். இந்த வருஷம் எடுத்துப்போனது, போன வருஷம் இதே மேடையில் நான் பதிவு செய்தது. டேனியல் என்று எங்கள் தாராவியிலேயே லேபர் கேம்ப் பகுதிக்காரர் ஒருவர், வாஷியில் ஏதோ குடோனில் வேலை. கையில் துண்டுத்தாள் இல்லாமல், நின்ற வாக்கில், தன் பெண்டாட்டியைக் குழாயடி வரிசையில் முதன்முதலாகப் பார்த்த கதையைச் சொன்னார். குரல் என்றால் அது குரல்.

கதை உச்சத்துக்குப் போனபோது ஜெனரேட்டர் படுத்துவிட்டது. பதிவும் அங்கேயே நிற்கிறது: "அவ குடத்தக் கீழ வச்சா. என்னயப் பாத்து மொத மொதலா ஒண்ணு சொன்னா. என்ன சொன்னான்னா..." டக். அவ்வளவுதான். செத்துப்போன மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்தபடி "மிச்சம் அடுத்த வருஷம்!" என்று கத்தியது எனக்கு நினைவிருக்கிறது. அது பதிவில் இல்லை.

தினமும் சாயங்காலம் கூட்டம் வருமுன் இதைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவேன். என் கூட்டாளி பிரசாந்த் ஹெட்போன்களை ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்ப்பார். முலுண்டிலிருந்து வருகிற மராட்டிக்காரர், தமிழ் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் ஏதோ கதை பாதியில் நிற்கிறது என்பது புரிந்துவிட்டது. ஒவ்வொரு முறை டக் என்று நின்றதும் என் பக்கம் திரும்பி, கையை விரித்து, பதிவில் பொறுக்கிய ஒரு தமிழ்ச் சொல்லை இந்தியோடு ஒட்டி, அப்புறம் என்ன என்று ஒரே கேள்விதான்: "தாயீ, பிர் க்யா சொன்னா?"

நின்றவர்

சீக்கிரமே வந்து முன் வரிசையைப் பிடிக்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். இரண்டாம் நாள் ஒரு மாட்டுங்கா மாமா, பேங்கில் ரிடையரானவர், சோதனை நேரத்திலேயே ஒரு ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்து, முதலில் பேசினவர் பிரமாதம் என்றார். அது வெறும் பதிவு மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். விடவில்லை. அவருக்குப் புகார் ஒன்று இருந்தது.

சோதனை நேரத்தில் மேடையில் ஒரு மைக் ஸ்டாண்டும் ஒரு காலி நாற்காலியும்தான் இருந்தன. அதை நான் என் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாற்காலி போட்டிருக்கேளேம்மா, அப்புறம் எதுக்கு அந்த மனுஷரைக் கடைசி வரைக்கும் நிக்க வச்சேள்?"

சென்னை எழுத்தாளர்

மாமாவுக்குப் பார்வை கோளாறு என்று முடிவு செய்துகொண்டேன். அப்படி முடிவு செய்யாவிட்டால் மறுநாள் வேலைக்குப் போக முடியாது. மறுநாள் சென்னையிலிருந்து ஒரு எழுத்தாளர் வந்தார். பெரிய பெயர், நல்ல மனிதர், மைக்கைக் கண்டு பயப்படாதவர். தன் குரல் எப்படிப் போகிறது என்று தெரிய அவருக்கும் ஒரு ஹெட்போன் கொடுத்தோம். மாட்டிக்கொண்டார். கூட்டம் காத்திருக்கிறது. அவர் பேசவில்லை. மரியாதையாகத் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் பதிவை எப்போதோ நிறுத்தியாயிற்று. அவருடைய ஹெட்போனைக் கழற்றச் சொல்லி என் காதில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வேறு ஹெட்போன் கொடுத்தேன். அதையும் மாட்டிக்கொண்டு, கொஞ்சம் சங்கடத்தோடு என்னைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு முன்னாடி பேசுறவர் இன்னும் முடிக்கலைங்களே, நான் எப்படி நடுவுல ஆரம்பிக்கிறது?"

கடைசி வரிசை

அந்த மூன்று நாளும் கடைசி வரிசையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். சோதனை ஆரம்பிக்கும்போது வருவாள், பிரசாந்திடம் ஹெட்போன் கேட்டு வாங்குவாள். நிஜ நிகழ்ச்சி ஆரம்பித்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். எழுத்தாளர் பேச வரும்போது எழுந்து போகிறவளை விழாவில் நான் பார்த்ததில்லை. (பேச ஆரம்பித்த பிறகு போகிறவர்கள் ஏராளம்.) மூன்றாம் நாள் வழிமறித்து, யாரக்கா நீங்க என்று கேட்டேன். பெயர் மெர்சி. டேனியலின் மனைவி. அவர் போன மழைக்காலத்தில் காய்ச்சல், இருமல் என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை.

இறந்தவர் குரலையா தினமும் ஓடவிட்டுக்கொண்டிருந்தேன்! நீங்கள் கேட்டால் பதிவை இப்போதே போனில் போட்டுத் தருகிறேன் என்றேன். அவளுக்கு அது வேண்டாம். அந்தக் குழாயடியில் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே மறந்துவிட்டதாம். கல்யாணமான நாளிலிருந்து கேட்டிருக்கிறாள், அவர் சொல்லாமலே சிரித்து மழுப்பியிருக்கிறார். என்றைக்காவது மேடையில் சொல்வேன் என்பாராம், போன வருஷம் அதைக் கேட்க அவளும் கூட்டத்தில் இருந்தாளாம். அதற்குள் போய்விட்டார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பாதிக் கதைய வச்சு நான் என்ன தங்கச்சி செய்ய, மிச்சம் அடுத்த வருஷம்னு அவிய இந்த மேடையிலதான சொன்னாவ?"

இருமல்

அதற்குப் பிறகு அந்தப் பதிவை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை, போடவும் தைரியம் வரவில்லை. நான்காம் நாள் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். மெர்சி பாதியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு நேராக என்னிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. அந்தப் பதிவு எனக்கு மனப்பாடம், எங்கே மூச்சு விடுகிறார் என்பது வரை தெரியும். அதில் இருமலே கிடையாது. அவள் கேட்டாள்: "நேத்து இருமலயே தங்கச்சி, இன்னைக்கு எதுக்கு அந்தக் கடைசி வாரத்து இருமல் இருமுதாவ?"

கடைசி நாள்

சென்னை எழுத்தாளர் விஷயம் அதற்குள் விழா பொறுப்பாளர் நந்தினி மேடம் காதுக்குப் போய்விட்டது. அந்தப் பழைய பதிவை இனிப் போடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம், கடைசி வரிசைக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை. கடைசி நாள் நான் லேப்டாப்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. குரலைக் காதுக்கு அனுப்பும் டப்பாவையும் ஆன் செய்யவில்லை. செல்வி அக்காவிடம் நின்று, மெர்சியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே டீ குடித்தேன்.

திரும்பி வந்தால் பிரசாந்த் வழக்கம்போல அவளுக்கு ஹெட்போனைக் கொடுத்திருக்கிறார். மைதானம் காலி. பெரிய மேடையிலும் சத்தமில்லை. டப்பாவைத் தொட்டுப் பார்த்தேன், விளக்கு எரியவில்லை, பிளக்கே சொருகவில்லை. மெர்சி மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு அவர் கதையோடு கூடவே அசைந்தது. டக் என்று நிற்கிற இடம் எனக்குத் தெரியும். அந்த இடம் வந்தது, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிறுத்தவில்லை. தொடர்ந்து கேட்டாள். வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு மேடையில் இருந்து யாரோ இறங்கி நடப்பதைப் பார்ப்பதுபோல அவள் தலை மெதுவாகக் கேட் வரைக்கும் திரும்பிற்று.

பிரசாந்த் என் பின்னால் வந்து நின்றுகொண்டார். அவளாகவே எழுந்து வந்து ஹெட்போனை என் கையில் கொடுத்தாள். சூடாக இருந்தது. கண்ணில் நீர் வழிந்தது, சிரிப்பும் போகவில்லை. "'ஏன் இந்த அவசரம், கொஞ்சம் நில்லுங்க'ன்னு சொன்னேனாம் தங்கச்சி, அன்னைக்குச் சொல்லத் தெரிஞ்ச எனக்கு அவிய போகும்போது சொல்லத் தெரியலயே!"

இப்போதெல்லாம் நானும் பாட்டைப் போட்டுத்தான் சோதிக்கிறேன், அதுவும் பாடினவர் உயிரோடு இருக்கிறாரா, பாட்டைக் கடைசிவரை பாடி முடித்துவிட்டாரா என்று நாலு பேரிடம் விசாரித்த பிறகுதான்.