வடக்குச் சுவரோரம் விழுந்த தண்ணி

தெர்சா காதர்கோலை இங்கிலாந்துல இந்த எங்க கிராமத்துல பைத்தியம்னு சொல்றவங்களும் உண்டு, பாவம்னு உச்சுக்கொட்டுறவங்களும் உண்டு. ரெண்டைக் கேட்டாலும் எனக்குப் பத்திக்கிட்டு வரும். சர்ச்சுக்கு எதிர்ல பீர்க்கடை வெச்சிருக்கேன், அவளுக்கு அடுத்த வீடு. எனக்குத் தெரியாததா?

சின்ன வயசுலயே பண்ணை வயல்ல கல் பொறுக்கப் போனவ. ஏர்க்குதிரை ஓட்டுற ஜேபஸைக் கட்டினா. அவன் வாயைத் திறந்து பேசி நான் கேட்டதே இல்ல. சனிக்கிழமையானா சர்ச்சுத் தரையைத் தேய்ச்சுக் கழுவுவா.

ஒரு அறுவடைக் காலத்துல அவளுக்குப் பையன் பொறந்தான். உடம்பெல்லாம் நீலம். ஞானஸ்நானம் கொடுக்க வரச்சொல்லி ஜேபஸ் ஓடினான். அப்போ இருந்த கிழட்டுப் பாதிரியார் பண்ணையார் வீட்டு விருந்துல இருந்தார். "சாப்பிட்டுட்டு வரேன்"னாராம். அவர் கவுதாரிக்கறியை முடிச்சு வர்றதுக்குள்ள புள்ள போயிடுச்சு. அப்புறம் அவரே சொல்றார், ஞானஸ்நானம் ஆகாத புள்ளையைப் புதைக்க ஜெபம் கிடையாதாம். நாசமாப் போக!

எங்க பக்கத்துல இதுக்கு ஒரு வழி உண்டு. குழி வெட்டுறவர் பேசாம சர்ச்சு வடக்குச் சுவரோரம், கூரைத் தண்ணி சொட்டுற இடத்துல புதைச்சிடுவார். சர்ச்சுக் கூரைமேல பட்டு விழுற மழைதான் அந்தப் புள்ளைக்கு ஞானஸ்நானம். தெர்சா புள்ளையையும் அங்கதான் வெச்சாங்க. மழை பிடிச்சா வேலையைப் போட்டுட்டு ஓடுவா. சொட்டு விழுறதைப் பார்த்துட்டு வந்தாத்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

இப்போ புதுப் பாதிரியார் ஃபேன்ஷா வந்தார். சர்ச்சைப் பழையபடி ஆக்குறேன்னு லண்டன்லேர்ந்து கட்டட வரைபடம் போடுற ஒரு துரையைக் கூட்டிட்டு வந்தார். வந்த துரை நாங்க உட்கார்ந்த பலகையைப் பிடுங்கினார், சுவர்ப்பூச்சைச் சுரண்டினார், எங்க ஆளுங்க பிடில் வாசிச்ச மாடத்தை இடிச்சார். பழையபடியாம்! கடைசியில கூரை விளிம்பு நெடுக, சொட்டுற தண்ணியைப் பிடிக்க இரும்புத் தூம்பு மாட்டி, அதைக் குழாய்வழியா மூலைக்கு இறக்கணும்னார்.

தெர்சா போய் நின்னா. நானும் கூடப் போனேன்.

"ஐயா, வடக்குப் பக்கம் ஒரு கை அகலம் மட்டும் விட்டுடுங்க. என் புள்ள கீழ இருக்கான்."

"சுவர் ஊறிடும்மா," என்றார் துரை. அது நெசந்தான், நான் இல்லேங்கல.

ஃபேன்ஷா சிரிச்சார். "இதெல்லாம் மூடநம்பிக்கை, தெர்சா. மழை ஞானஸ்நானம் கொடுக்குமா?"

"அப்ப நீங்க வந்து கொடுங்க ஐயா."

"செத்தவங்களுக்குக் கொடுக்க முடியாதும்மா."

"உயிரோட இருந்தப்பவும் கொடுக்கலையே!" என்று நான் கத்தினேன். வெளிய போன்னுட்டார்.

தூம்பு மாட்டியாச்சு. அந்த மாசம் மழை கொட்டுது, வடக்குச் சுவரடி காய்ஞ்சு கிடக்கு. தெர்சா அங்கயே உட்கார்ந்திருந்தா. வீட்டுக்கு வாடின்னா வரமாட்டேங்கறா. ஜேபஸ் குதிரைக்குப் புல் போட்டுக்கிட்டிருந்தான். மரமா மனுஷனான்னு அவன் மூஞ்சிக்கு நேரா திட்டிட்டு வந்தேன்.

திறப்புவிழாவுக்குப் பேராயர் வந்தார். அன்னிக்கும் அடைமழை. ஆராதனை முடிஞ்சு எல்லாரும் வாசல்ல ஒதுங்கி நிக்கிறோம், வடக்குப் பக்கம் டணார்னு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தா ஏணிமேல ஜேபஸ், கையில சம்மட்டி. தூம்பு ஒரு துண்டு கீழ கிடக்கு.

"என்னடா பண்றே?" ஃபேன்ஷாவுக்கு மூஞ்சியெல்லாம் சிவந்துபோச்சு.

ஜேபஸ் திரும்பிப் பார்த்தான். "பையன் காயுறான் ஐயா," என்றான். சொல்லிட்டு அடுத்த துண்டையும் தட்டிவிட்டான்.

ஜெயில்ல போட்டாங்க. தூம்பை ஒட்டிக்கொடுன்னு கொல்லன் ஓபெட்டைக் கூப்பிட்டார் ஃபேன்ஷா. "இரும்பு வரல ஐயா"ன்னான். அடுத்த வாரம் கை சுளுக்கிக்கிச்சாம். பக்கத்து ஊர்க் கொல்லன் வந்து என் கடையில பீர் குடிச்சான். நான் விஷயத்தைச் சொன்னேன். ஏணிகூட கேட்காம திரும்பிட்டான்.

இன்னும் ஒட்டல. சுவர் ஒரு கதவு அகலத்துக்குப் பச்சையா ஊறிக்கிடக்கு, அதுக்கு நிதி கேட்டு ஃபேன்ஷா கடைக்கு வந்தார். போய்யான்னுட்டேன். நேத்து மழைக்கு ஜன்னல்ல பார்த்தேன். ஜெயில்லேர்ந்து வந்த ஜேபஸும் தெர்சாவும் தொப்பலா நனைஞ்சுக்கிட்டு அந்தச் சுவரடியில நின்னாங்க.